விலக்குத் தீர்க்க வந்தவர்கள்

லோந்திரினா. மாலை ஐந்தரை.
கண்ணாடித் தகட்டில் அடெல்மோவின் நுரையீரல்,
அரிசி மணியளவு.
வெள்ளிச் சாயத்தில் பூஞ்சை கறுத்திருக்கிறது:
தாய்ச்செல்லைச் சுற்றிக் குட்டி மொட்டுகள்,
கப்பலின் சுக்கான் சக்கரம் போல.
கடலைப் பார்த்ததே இல்லை இவர்.
டிராக்டர் ஓட்டியவர்.

படிவம் சொல்கிறது:
வயது அறுபத்தாறு, புகைப்பவர்,
வாயில் ஆறாத புண்,
எட்டு மாதத்தில் பதினான்கு கிலோ காணவில்லை.

எழுபத்தைந்தில் ஒரே இரவு உறைபனி
பரானாவின் காப்பிச் செடிகளைக் கருக்கிப் போட்டது.
செத்த வேர்களைப் பிடுங்கப் போனவர்களில்
பதினாறு வயது அடெல்மோ,
தங்கை ஜுராசி.
ஆர்மடில்லோ வளைகள் உடைந்து
சிவப்பு மண் எழும்பியது.
இருவரும் ஒரே புழுதியைத்தான் சுவாசித்தார்கள்.

அவளுக்குள் ஓடிய பெண் சுரப்பு
அதை உருமாற விடவில்லை.
இழையாக வந்தது
இழையாகவே செத்தது.
அண்ணனிடம் உருண்டது, திரண்டது,
ஐம்பது வருடம் குடியிருந்தது
வாடகை இல்லாமல்.

இரண்டாவது தகடு,
க்ளெய்டே நேற்றிரவு சாயமேற்றியது.
ஒழுங்காற்று டி செல்களின் உட்கரு மட்டும்
இதில் பழுப்பாகும்.
எண்ணினேன்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு...
தொலைபேசி அடித்தது. மறுபடி ஒன்றிலிருந்து.

ஓரத்தில் இல்லை அவை.
பூஞ்சையை ஒட்டியே நிற்கின்றன.
யாருக்கடா காவல்?

கல்யாண வீட்டுச் சண்டையில்
விலக்குத் தீர்க்க ஓடிவருவார்களே, அவர்கள்தாம்.
ஓங்கிய கையைப் பிடித்துக்கொண்டு
'விடுப்பா, பந்தல் சரிஞ்சிடும்' என்பவர்கள்.
பந்தல் சரியவில்லை, உண்மைதான்.
வம்பிழுத்தவன் கையை மட்டும்
யாரும் பிடிக்கவில்லை.

வேலி பயிரை மேயவில்லை இங்கே.
களைக்கும் சேர்த்து
வேலியாக நின்றது.

கீழ்த்தளத்து எலிகளிடமிருந்து
இவர்களை அகற்றிப் பார்த்தோம்.
ஒரு கூண்டில் பூஞ்சை பாதியாய்க் குறைந்தது,
ரோமம் படிந்து பளபளத்தது.
பக்கத்துக் கூண்டில், நாள் கணக்கு தவறிய கூண்டில்,
பூஞ்சையும் குறைந்தது
நுரையீரலும் கிழிந்தது.
எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே என்பார்கள்.
அங்கே
வீடே எலி.

நோயாளிகளை நான் பார்ப்பதில்லை.
அவர்களுடைய துண்டுகளைத்தான்.
அன்று அவர் தப்பான கதவைத் தட்டினார்,
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.
திருப்பி அனுப்பாமல்
நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னேன்.

'ஸ்டீயரிங் மாதிரி இருக்கே.'
ஆமாம்.
'இந்தப் பழுப்பெல்லாம் யாரு?'
உங்க ஆட்கள்.
'பின்ன ஏன் அடிக்கல?'

அடிச்சிருந்தா
நாப்பது வயசுல குணமாகியிருப்பீங்க.
இல்லேன்னா நாப்பது வயசுல
மூச்சு நின்னிருக்கும்.
ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியல.

வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.
ஏதோ கணக்குப் பார்ப்பவர் போல
உதடு மட்டும் அசைந்தது.
'ஜுராசிக்கு ஒண்ணுமில்லையே?' என்றார் கடைசியில்.
ஒன்றுமில்லை என்றேன்.
'அவதான் எங்கிட்ட சண்டை போடுவா,
சிகரெட்டை நிறுத்துன்னு'
என்று சிரிக்கப் போய் இருமினார்.

அறிக்கை எழுதினேன்.
பூஞ்சை: உண்டு. காசநோய்: இல்லை. புற்று: இல்லை.
ஒரு வருடமாவது மாத்திரை.
பூஞ்சை போனாலும் தழும்பு இருக்கும்,
அதையும் யாரோ சமாதானமாகத்தான் நெய்திருப்பார்கள்.
பழுப்பு நிறத்தவர்களுக்குப் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: நூற்றுப்பதினேழு.
அழித்தேன்.

ஜன்னல் வழியே படிக்கட்டு தெரிந்தது.
நான்காவது படியில் அடெல்மோ
கைப்பிடியைப் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தார்,
ஐந்தாவதுக்கான காற்று
வந்து சேரட்டும் என்று.